கோடு விழாத பட்டை: ஒரு சிற்றூர் போதைப்பொருள் சோதனை பற்றிய நிகழ்வு ஆய்வு

கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒரு பெண், மாதாந்திரக் குலுக்கலில் பெயர் வந்ததால் சிறுநீர்ச் சோதனைக்குப் போகிறார். ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதைப்பொருளுக்கான சோதனைப் பட்டையில் கோடு விழவில்லை, அதாவது பாசிட்டிவ். ஒரு மணி நேரத்துக்குள் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்படுகிறார். அடுத்த வாரம் தூரத்து ஆய்வகத்திலிருந்து வந்த அறிக்கை, அந்தச் சிறுநீரில் ஆம்ஃபெட்டமின் இல்லவே இல்லை என்கிறது. வேலை திரும்பக் கிடைத்தது, நின்ற நாட்களுக்குச் சம்பளமும் கொடுத்துவிட்டார்கள். நிர்வாகத்தைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு முடியவில்லை. முடியாமல் போனதற்கு இயந்திரமோ வேதியியலோ காரணம் இல்லை, எந்தத் தகவல் யாரிடம் எப்போது போனது என்கிற வரிசைதான் காரணம் என்பது என் முடிவு. இந்த ஆய்வு முழுக்க அந்த வரிசையைப் பற்றியதுதான்.

அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். படிவங்கள், ஆய்வக அறிக்கை, நிறுவனத்தின் கொள்கை ஆவணம் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னவரும் அவர்தான். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், ஊர் பெயரோ நிறுவனத்தின் பெயரோ வராது.

முதலில் சோதனை நடந்த அந்த மையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் இருப்பது அது ஒன்றுதான். பெரிய நகரமாக இருந்தால் நிறுவனங்களுக்கு ஒரு இடம், தனிநபர்களுக்கு இன்னொரு இடம் என்று பிரிந்திருக்கும், ஒருவரை ஒருவர் தெரியாது. இங்கே ஒரே வரவேற்பறை. வேலைக்குச் சேரும் முன் சோதனைக்கு வந்தவர், விபத்துக்குப் பிறகு சூப்பர்வைசர் கூட்டிக்கொண்டு வந்த தொழிலாளி, பதினாறு வயது மகனை அழைத்து வந்த அம்மா, விவாகரத்து வழக்கில் குழந்தையைப் பார்க்கும் உரிமைக்காகச் சோதித்துக்கொள்ளும் அப்பா, எல்லாரும் அதே நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மாதிரி எடுக்கும் பணியாளர் பள்ளியில் கூடப் படித்தவராக இருக்கலாம், பக்கத்துத் தெருக்காரராக இருக்கலாம். இந்த நிகழ்வில் அவர் அந்தப் பெண்ணின் தம்பியோடு படித்தவர். அதற்காக அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஆளைத் தெரிந்த ஊரில், ஒரு தகவல் கசிந்தால் அது அந்நியர் காதில் விழுவதில்லை, தெரிந்தவர் காதில்தான் விழும். அதனால் நகரத்தை விடச் சிற்றூரில் நடைமுறை இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு: தெரிந்த ஆள்தானே என்று எல்லாமே தளர்ந்துவிடுகிறது.

அன்று நடந்தது

மாதிரி எடுத்த விதத்தில் பெரிய குறை இல்லை. கழிப்பறைத் தொட்டியில் நீலச் சாயம் கலந்திருந்தார்கள், தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்ய முடியாதபடி. சிறுநீரின் வெப்பநிலை நான்கு நிமிடத்துக்குள் பார்க்கப்பட்டது, 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்த மாதிரியாக இருந்தால் அந்த வரம்புக்குள் வைத்திருப்பது கஷ்டம், அதற்காகத்தான் இந்தப் பரிசோதனை. இதெல்லாம் படிவத்தில் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். மையம் பயன்படுத்தியது பட்டைகள் பதித்த உடனடி சோதனைக் கப். ஆம்ஃபெட்டமின் பட்டையில் கோடு வரவில்லை என்றதும், பணியாளர் முதலில் செய்தது சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டதுதான். நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில், பாசிட்டிவ் வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. முதல்கட்ட பாசிட்டிவா, உறுதி செய்யப்பட்ட பாசிட்டிவா என்று அந்த வாசகம் பிரித்துச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை எழுதியவர் நிறுத்தி யோசித்திருந்தால் இந்த ஆய்வுக்கே தேவை இருந்திருக்காது.

இரண்டாவதாக, கோடு விழாததற்குக் காரணம் கண்டுபிடிக்கும் எண்ணத்தில், நல்ல மனதோடுதான், அவர் அங்கேயே கேட்டார்: ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? மெல்லிய தடுப்புச் சுவர், வெளியே ஆட்கள். பயந்துபோயிருந்த அந்தப் பெண் புப்ரோபியான் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டார். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் மருந்து அது, புகைப்பழக்கத்தை விடுவதற்கும் கொடுப்பார்கள். அவருக்கு மனச்சோர்வுக்காக. அவருடைய அக்காவைத் தவிர வேறு யாருக்கும் அதுவரை தெரியாது. பணியாளர் படிவத்தின் குறிப்புப் பகுதியில் மருந்தின் பெயரை எழுதினார், படிவத்தின் நகல் நிறுவனத்துக்குப் போனது.

மூன்றாவதாக, சூப்பர்வைசர் வந்து அவரை அழைத்துப் போய், லாக்கர் சாவியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு அனுப்பினார். ஷிஃப்ட் நடந்துகொண்டிருந்த நேரம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்கவே தேவையில்லை.

மாதிரியின் மீதி முத்திரையிடப்பட்டு ஆய்வகத்துக்குப் போனது. ஆய்வக அறிக்கை சுத்தமாக நெகட்டிவ்.

பட்டை எப்படி வேலை செய்கிறது

இந்தப் பட்டைகளில் கோடு இருந்தால் நெகட்டிவ், இல்லாவிட்டால் பாசிட்டிவ். கர்ப்பப் பரிசோதனைக்குப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். பட்டையில் நிறமேற்றிய எதிர்ப்புரதங்கள் இருக்கும். சோதனைக் கோட்டின் இடத்தில் சம்பந்தப்பட்ட மருந்தின் மூலக்கூறு ஏற்கெனவே ஒட்டவைக்கப்பட்டிருக்கும். சிறுநீரில் மருந்து இல்லையென்றால் எதிர்ப்புரதங்கள் போய்க் கோட்டில் ஒட்டிக்கொள்ளும், நிறம் தெரியும். மருந்து போதுமான அளவு இருந்தால் அதுவே எதிர்ப்புரதங்களைப் பிடித்துக்கொள்ளும், கோட்டில் ஒட்ட எதுவும் மிஞ்சாது. மங்கலான கோடு என்றாலும் அது நெகட்டிவ்தான். வீட்டில் கப் வாங்கிச் சோதிக்கும் பெற்றோர் பலர், கோடு லேசாக இருக்கிறதே, கொஞ்சம் எடுத்திருப்பான் போல என்று முடிவுகட்டுகிறார்கள். அது தவறு. கோட்டின் அடர்த்திக்கு அப்படி ஒரு அர்த்தம் கிடையாது.

எதிர்ப்புரதம் மூலக்கூறை முழுசாக அடையாளம் காண்பதில்லை, அதன் வடிவத்தில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கிறது. கூட்டத்தில் ஒருவரின் முதுகைப் பார்த்துத் தெரிந்தவர் என்று தோளைத் தட்டுவது போன்றது இது, பல தடவை சரியாகவே இருக்கும், சில தடவை வேறு ஆள் திரும்பிப் பார்ப்பார். ஆம்ஃபெட்டமின் பட்டையில் இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் அதைப் போன்ற வடிவமுள்ள சாதாரண மருந்துகள் நிறைய. மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின், ரத்த அழுத்தத்துக்கான லபெட்டலால், வயிற்றுக்கு ஒரு காலத்தில் பரவலாகக் கொடுக்கப்பட்ட ரானிடிடின், தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் ட்ரசடோன், அப்புறம் புப்ரோபியான். இவை முதல்கட்டச் சோதனையில் தவறான பாசிட்டிவ் கொடுப்பது மருத்துவ இதழ்களில் பதிவான விஷயம். எல்லா நிறுவனங்களின் கப்பிலும் இது நடக்காது, கப்புக்குக் கப் எதிர்ப்புரதம் வேறு.

உறுதிப்படுத்தும் சோதனை முற்றிலும் வேறு முறை. மாதிரியில் உள்ள பொருட்களை முதலில் தனித்தனியாகப் பிரித்து, பிறகு ஒவ்வொன்றின் மூலக்கூற்று நிறையையும் அது உடையும் விதத்தையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளக்கிறார்கள். புப்ரோபியான் அங்கே புப்ரோபியானாகத்தான் தெரியும். அமெரிக்க அரசின் வேலையிடச் சோதனை விதிகளில் ஆம்ஃபெட்டமினுக்கு முதல்கட்ட வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம், உறுதிப்படுத்தலுக்கு 250. முதல் வலையில் சிக்கியது எல்லாமே இரண்டாவது சோதனைக்குப் போயே ஆக வேண்டும் என்பது அதன் அடிப்படை.

இந்த இரண்டாவது படியைச் செலவு என்று நினைத்து வெட்டும் நிறுவனங்களுக்காக ஒரு எளிய கணக்கு. ஆயிரம் பேரைச் சோதிக்கிறீர்கள், அதில் உண்மையில் பயன்படுத்துபவர்கள் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். பட்டை அந்தப் பத்துப் பேரையும் பிடிக்கிறது, மற்றவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரிடம் மட்டும் தவறுகிறது. கேட்க நல்ல பட்டையாகத்தான் தோன்றும். ஆனால் பாசிட்டிவ் வந்த முப்பது பேரில் சுமார் இருபது பேர் எதுவும் எடுக்காதவர்கள். பயன்படுத்துபவர்கள் குறைவாக இருக்கும் இடத்தில், குலுக்கலில் எடுத்த ஒருவரின் முதல் பாசிட்டிவ் எவ்வளவு பலவீனமான சான்று என்பது இதிலேயே தெரியும்.

வரிசை மாறினால் என்ன ஆகும்

இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது மாத்திரை விஷயம். சரியான வரிசையில் நடந்திருந்தால் அந்தப் பெண் மனச்சோர்வு மருந்து சாப்பிடுகிறார் என்று ஒருவருக்கும் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மாதிரி ஆய்வகத்துக்குப் போயிருக்கும், அங்கே முதல்கட்டத்தில் பாசிட்டிவ் வந்தாலும் உறுதிப்படுத்தலில் நெகட்டிவ் ஆகியிருக்கும், நிறுவனத்துக்கு நெகட்டிவ் என்ற ஒற்றைச் சொல் போயிருக்கும். கேள்வியே எழுந்திருக்காது.

சில சமயம் கேள்வி எழத்தான் செய்யும். மருத்துவர் எழுதிக்கொடுத்த கோடீன் என்ற வலிநிவாரணி சாப்பிட்டவரின் சிறுநீரில் கோடீனும் மார்ஃபினும் உண்மையிலேயே இருக்கும், எந்த இயந்திரமும் அதை நெகட்டிவ் ஆக்காது. கசகசாவில் கூட மார்ஃபின் இருப்பதால்தான் அமெரிக்காவில் ஓபியேட்டுக்கான, அதாவது அபினிலிருந்து வரும் மார்ஃபின், கோடீன் போன்றவற்றுக்கான, வரம்பை 1998-இல் 300-லிருந்து 2000 நானோகிராமாக உயர்த்தினார்கள். இப்படிப்பட்ட முடிவுகளை ஆராய்வதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர் நடுவில் இருக்க வேண்டும். ஆய்வகம் முடிவை அவருக்குத்தான் அனுப்பும். அவர் தொழிலாளியோடு தனியாகப் பேசி, மருந்துச் சீட்டைச் சரிபார்த்து, முறையான காரணம் இருந்தால் நெகட்டிவ் என்றே நிறுவனத்துக்குச் சொல்வார். மருந்தைப் பற்றிய கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு மட்டும்தான், அதுவும் உறுதி செய்யப்பட்ட பாசிட்டிவ் வந்த பிறகுதான்.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. அங்கே லாரி ஓட்டுநருக்கோ ரயில் ஓட்டுநருக்கோ உடனடி கப் சோதனை செல்லாது, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம்தான். மாதிரி எடுப்பவர் மருந்துப் பட்டியல் கேட்கக் கூடாது. மருத்துவர் சரிபார்த்து முடிக்கும் வரை, தனி அனுமதி வாங்காத நிறுவனம் தொழிலாளியை வேலையிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது. மாதிரியை 30 மில்லி, 15 மில்லி என இரண்டாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். மருத்துவர் பாசிட்டிவ் என்று தெரிவித்த 72 மணி நேரத்துக்குள் தொழிலாளி கேட்டால், இரண்டாவது பாட்டில் வேறொரு ஆய்வகத்துக்குப் போகும்.

இந்த விதிகள் தளர்வானவர்கள் எழுதியவை அல்ல. 1987 ஜனவரி 4 அன்று மேரிலாந்தின் சேஸ் என்ற இடத்தில், சிக்னலைத் தாண்டி வந்த சரக்கு எஞ்சின்களோடு பயணிகள் ரயில் மோதி 16 பேர் இறந்தார்கள். எஞ்சின் ஓட்டியவர்கள் கஞ்சா பயன்படுத்தியிருந்தது தெரிய வந்தது. போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கிய 1991-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்த விபத்து முக்கியமான தூண்டுதல். அவ்வளவு பெரிய பாதுகாப்புக் கவலையிலிருந்து பிறந்த ஏற்பாட்டிலேயே, உறுதியாகும் வரை ஆளைத் தொடாதே என்று எழுதியிருக்கிறார்கள் என்றால், ஒரு கிடங்கு நிர்வாகம் அதைவிட அவசரப்பட என்ன நியாயம் இருக்க முடியும்? ஃபோர்க்லிஃப்ட் ஆபத்தான வண்டிதான், போதையில் ஓட்டினால் ஆள் சாவார், சோதனையே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். உண்மையில் அந்த நேரத்தில் தள்ளாட்டமோ குழறலோ தெரிந்தால் சூப்பர்வைசர் தாராளமாக அவரை வண்டியிலிருந்து இறக்கலாம், இறக்கத்தான் வேண்டும். அதற்குக் கப் தேவையில்லை, கண் போதும். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சிறுநீர்ச் சோதனை போதையை அளப்பதே இல்லை. கஞ்சாவுக்குத் தேடுவது உடல் அதை உடைத்த பிறகு மிஞ்சும், போதை தராத ஒரு பொருளை. தினமும் பயன்படுத்துபவரிடம் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் அது தெரியும். இன்று காலையில் நிதானமாக இருந்தாரா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

அதே மையம், தனிநபர்கள்

நிறுவனத்துக்காவது கொள்கை ஆவணம், ஒப்பந்தம், மனித வளத்துறை என்று ஏதோ இருக்கிறது. சொந்தச் செலவில் வருபவர்களுக்கு எதுவும் இல்லை. மையத்தின் நடைமுறையைப் பார்த்தபோது, தனிநபர் சோதனைகளில் உறுதிப்படுத்தல் கேட்டால் மட்டும்தான், இல்லாவிட்டால் பட்டையின் முடிவையே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன நடக்கும், நீதிமன்றத்தில் என்ன நடக்கும்?

என்ன நடக்கும் என்பதற்குக் கனடாவில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. டொராண்டோவின் சிக் கிட்ஸ் மருத்துவமனையில் இயங்கிய மதரிஸ்க் ஆய்வகம், 2005 முதல் 2015 வரை குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புகளுக்காக 16,000-க்கும் மேற்பட்டவர்களின் முடியைச் சோதித்தது. ஒன்டாரியோவின் சின்னச் சின்ன ஊர்களிலிருந்தும் பிற மாகாணங்களிலிருந்தும் மாதிரிகள் வந்தன. பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரிப்பதா வேண்டாமா என்ற முடிவில் அந்த அறிக்கைகளுக்கு எடை இருந்தது. 2010 வரை அது பெரும்பாலும் முதல்கட்டச் சோதனையின் முடிவுகளையே, உறுதிப்படுத்தாமல், இறுதி முடிவு போலக் கொடுத்துவந்தது. 2014-இல் ஒரு தாயின் மேல்முறையீட்டில் இது வெளிச்சத்துக்கு வந்தது. நீதிபதி சூசன் லாங் 2015 டிசம்பரில் கொடுத்த அறிக்கை, அந்தச் சோதனைகள் போதுமானவையும் அல்ல, நம்பத்தக்கவையும் அல்ல என்றது. பிறகு நீதிபதி ஜூடித் பீமன் தலைமையிலான ஆணையம் 1,271 வழக்குகளைப் பார்த்து, 56 வழக்குகளில் சோதனை முடிவு தீர்ப்பைக் கணிசமாகப் பாதித்திருக்கிறது என்று 2018-இல் சொன்னது. அதற்குள் பல குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டுவிட்டார்கள். சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், வளர்ந்துவிட்ட குழந்தையை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

தவறான பாசிட்டிவ் ஒரு பக்கம். பெற்றோர் விஷயத்தில் எனக்கு அதைவிடப் பயம் தருவது தவறான நிம்மதி. சாதாரண ஓபியேட் பட்டை மார்ஃபின், கோடீன், ஹெராயின் ஆகியவற்றுக்கானது. ஆய்வகத்தில் தயாரிக்கப்படும் ஃபென்டனிலின் வடிவம் வேறு, அந்தப் பட்டையில் அது தெரியாது. அதைப் போலச் செயற்கையான மெத்தடோனும் தெரியாது. அவற்றுக்குத் தனிப் பட்டை வேண்டும். மகனுக்கு ஓபியேட் நெகட்டிவ் என்ற தாளை வாங்கிக்கொண்டு ஒரு அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார் என்றால், எந்தெந்தப் பொருளுக்குச் சோதித்தோம், எதற்குச் சோதிக்கவில்லை என்று அவரிடம் சொல்வது மையத்தின் கடமை. இந்த மையத்தின் தாளில் சோதித்தவற்றின் பட்டியல் மட்டும்தான் இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வீட்டில் பெற்றோரே பிள்ளைகளைச் சோதிப்பதை ஊக்குவிப்பதில்லை, 2007-இல் வெளியிட்ட அறிக்கையில் இதைப் பற்றிய தயக்கங்களைச் சொல்லியிருக்கிறது. நானும் அந்தப் பக்கம்தான். சந்தேகம் இருந்தால் பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கப்பை நீட்டிய பிறகு அந்தப் பிள்ளை உங்களிடம் எதையும் தானாக வந்து சொல்லாது.

பிறகு

நெகட்டிவ் அறிக்கை வந்து வேலைக்குத் திரும்பிய பெண்ணிடம், ஒரு வாரத்தில் நிர்வாகம் இன்னொரு கடிதம் கொடுத்தது. உட்கொள்ளும் மருந்தைக் கருத்தில் கொண்டு, வண்டி ஓட்டத் தகுதி உண்டு என மருத்துவர் சான்று தர வேண்டும். எந்த மருந்து? படிவத்தின் குறிப்புப் பகுதியில் எழுதப்பட்டிருந்த அதே மருந்து. அவர் அதைப் பல காலமாகச் சாப்பிட்டுக்கொண்டேதான் ஒரு விபத்தும் இல்லாமல் வண்டி ஓட்டிவந்திருக்கிறார். மருத்துவர் தயங்காமல் சான்று கொடுத்தார். ஆனால் சூப்பர்வைசர் இப்போது அவரிடம் பேசும் தொனி மாறிவிட்டது, ஓவர்டைம் ஷிஃப்டுகளுக்கு முன்பு போலப் பெயர் வருவதில்லை. இதை எந்த அறிக்கையாலும் நிரூபிக்க முடியாது.

புகார் எழுத்தில் போனது. நிறுவனம் மையத்தோடு செய்த ஒப்பந்தத்தில் ஒரு வரியை மாற்றியிருக்கிறது: கப்பின் முடிவை இனி நிறுவனத்துக்குத் தெரிவிக்கக் கூடாது, ஆய்வகம் உறுதி செய்து மருத்துவர் சரிபார்த்த முடிவு மட்டுமே வரலாம். படிவத்தின் குறிப்புப் பகுதியில் மருந்து எதையும் எழுதக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறார்கள். மையம், தனிநபர் சோதனைத் தாளில் இது முதல்கட்ட முடிவு மட்டுமே என்று பெரிய எழுத்தில் அச்சடிக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. எதற்குச் சோதிக்கவில்லை என்ற பட்டியலைச் சேர்ப்பது பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.

பழைய படிவம் மட்டும் அப்படியே இருக்கிறது. தன் பணிக்கோப்பிலிருந்து மருந்தின் பெயர் உள்ள அந்தப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்று அவர் கொடுத்த மனுவுக்கு, பரிசீலனையில் உள்ளது என்ற ஒருவரிப் பதில் வந்திருக்கிறது. இரண்டாவது மனுவை எழுதிக்கொண்டிருக்கிறோம். பக்கத்தை எடுக்க முடியாது என்றால், அதை யார் யார் இதுவரை பார்த்தார்கள் என்ற பட்டியலையாவது கொடுங்கள் என்று அதில் கேட்கப் போகிறோம்.